பொதுமக்கள் என்று ஓர் ஆள் இல்லை

(மதுரையில் வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அரசியலில் தனிமனிதப் பொறுப்பு’. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக அரசியல்வாதிகளைத் திட்டிவிட்டுப் போவார்கள். கைதட்டலுக்குக் குறைவிருக்காது. நானும் இன்றைக்குக் கொஞ்சம் திட்டத்தான் வந்திருக்கிறேன். ஆனால் இங்கே வராதவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? வந்திருப்பவர்களைத்தான் திட்ட முடியும். (சிரிப்பு)

2009 ஜனவரியில் திருமங்கலத்தில் ஒரு இடைத்தேர்தல் நடந்தது. இங்கிருந்து பஸ் ஏறினால் எட்டிப் பிடிக்கும் தூரம். அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் ஓட்டுக்குக் காசே கொடுத்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வீடு வீடாக, கவர் கவராக, தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ஒரு முறையாக ஆனது அங்கேதான் என்று பேர் வந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த ஊரில் இடைத்தேர்தல் வந்தாலும் பத்திரிகைகள் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று எழுதின. திருமங்கலத்துக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் என் மேல் வருத்தப்படாதீர்கள். மற்ற 233 தொகுதிகளும் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை.

2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர். அங்கே டிசம்பரில் மறுபடி தேர்தல் வைத்தபோது, 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று புகார். 2019-ல் வேலூர். வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானது. பண விநியோகத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையும் நமக்கே.

சரி, ரத்து செய்ததால் யாருக்கு என்ன நஷ்டம்? கொடுத்தவர்கள் அடுத்த தடவையும் வந்தார்கள். வாங்கினவர்கள் அடுத்த தடவையும் காத்திருந்தார்கள்.

பட்டுவாடா எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியல் நகல் ஒன்று கையில் இருக்கும். பாகம் எண், வீட்டு எண், பெயர். தெரிந்த பையன் ஒருத்தன்தான் வருவான். நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவனாகவே இருப்பான். கவரைக் கொடுத்துவிட்டுப் பேனாவால் ஒரு டிக் அடிப்பான். மறுநாள் காலையில் தெருமுனையில் ஒரு அம்மாவின் குரல் கேட்கும்: “எங்க வீட்ல அஞ்சு ஓட்டு, நாலுக்குத்தான் வந்திருக்கு. சென்னையில இருக்கிற பெரியவனுக்கு ஏன் குடுக்கல? அவன் வந்து போட மாட்டானா?”

நியாயமான கேள்விதான்! பட்டியலைக் கொண்டா, பார்க்கலாம் என்கிறார் அந்த அம்மா. பக்கத்து வார்டில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று புள்ளிவிவரத்தோடு பேசுகிறார். யாருக்கும் பயப்படவில்லை. அதே தெருவில் மாதக்கணக்கில் குடிதண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. சாக்கடை அடைத்துக் கிடக்கிறது. அதைக் கேட்கச் சொன்னால், “நமக்கெதுக்கு வம்பு, நாம கேட்டு என்ன ஆகப்போகுது” என்கிறார். நம் ஜனங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று படித்தவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. பிரமாதமாகக் கேட்பார்கள். எங்கே கேட்க வேண்டுமோ அங்கே மட்டும் வாயைத் திறப்பதில்லை.

“ஏழை பாழைங்க சார், ஆயிரம் ரூபாய் அவங்களுக்குப் பெரிய காசு” என்று ஒரு வாதம் இருக்கிறது. அந்த வாதத்தை ஏழை சொன்னால் நான் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். அடுப்பு எரிவதற்கு அந்தக் காசு வேண்டும் என்கிற வீட்டில் போய் நீதி போதனை செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் இந்த வாதத்தைப் பெரும்பாலும் யார் சொல்கிறார்கள்? மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள். கார் வைத்திருக்கிறவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, தங்கள் வீட்டுக்கு வந்த கவரையும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஏழையின் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளும் இந்தக் காசுதான் இருப்பதிலேயே கேவலமான காசு.

இன்னொரு வாதம்: “அவன் கொள்ளையடிச்ச காசுதானே, வாங்கிட்டு மாத்திப் போட்டா போச்சு.” கேட்கச் சாமர்த்தியமாக இருக்கிறது. கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு கவர் கொடுக்கிறார்களே, அது எதற்கு? நம்மில் நிறையப் பேர் கைநீட்டி வாங்கிய காசுக்குத் துரோகம் செய்ய மாட்டோம் என்று கொடுக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். நம்முடைய நாணயத்தை நம்பித்தான் அவன் முதல் போடுகிறான். நம் யோக்கியதையை வைத்தே நம்மை விலைக்கு வாங்குகிறான். இதைவிட ஒரு அவமானம் உண்டா?

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஓட்டுக்குக் காசு கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 1920-லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதைச் சேர்த்துவிட்டார்கள். இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 170-வது பிரிவாக அப்படியே இருக்கிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நூறு வருஷத்துக்கு மேலாகச் சட்டம் வாங்குகிறவனையும் ஓர் ஆளாக மதித்து, நீயும் பொறுப்பு என்று சொல்கிறது. நாம்தான் நம்மை ஆளாக மதிப்பதில்லை. ‘மக்கள்’ என்ற கூட்டத்துக்குள்ளே போய் ஒளிந்துகொள்கிறோம்.

இந்த ஒளிந்துகொள்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூர் என்று ஒரு கிராமம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தது. அதில் 65 வயது அம்மா ஒருவர். வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வடக்கேயிருந்து வந்திருக்கிறார்கள் என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் மனநலம் பாதித்த ஒருவரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

கும்பல் அடித்துக் கொன்றது என்று செய்தி போட்டார்கள். தோழர்களே, கும்பலுக்குக் கை கிடையாது. ஒருவன் கல்லை எடுத்தான். இன்னொருவன் கட்டையை எடுத்தான். மூன்றாமவன் வீடியோ எடுத்தான். போலீஸ் வந்து பிடித்தபோது கும்பலைப் பிடிக்கவில்லை. இன்னாருடைய மகன், இன்ன வயது, இன்ன தெரு என்று பெயர் எழுதித்தான் பிடித்தார்கள். அதுவரை தங்களுக்கென்று ஒரு பெயர் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் யாரும் ஜெயிலுக்குப் போகாமல் இருக்கலாம். “எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்” என்பார்கள். இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர் போனில் ‘எனக்கு வந்தது, உண்மையா தெரியல’ என்று ஒரு வரி சேர்த்து ஏதோ ஒன்றைக் குடும்பக் குரூப்பில் தள்ளியிருக்கிறோம்? உண்மையா தெரியவில்லை என்றால் ஏன் அனுப்புகிறாய்? அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு போட்டது. எங்கோ கலிபோர்னியாவில் இருக்கிற கம்பெனி வந்து நம் கட்டைவிரலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நமக்குச் சுயபுத்தி இருந்தால் அந்த வேலை அவனுக்கு எதற்கு?

“நாங்க யோசிச்சு என்ன பண்ண, அதுக்குத்தானே எம்.எல்.ஏ.வை அனுப்பியிருக்கோம்” என்பீர்கள். உங்கள் எம்.எல்.ஏ.வால் யோசிக்க முடியாது, ஐயா. 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. ஆளை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், நல்ல நோக்கம்தான். ஆனால் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஆக, சபையில் ஓட்டெடுப்பு என்று வந்துவிட்டால் அவருடைய மனசாட்சிக்கு வேலை இல்லை. அவருக்குச் சட்டம் வாயைக் கட்டியிருக்கிறது. உங்களுக்கு எந்தக் கொறடா இருக்கிறார்? “எங்க அப்பா காலத்திலேருந்து இந்தச் சின்னம்தான்” என்று நீங்களே உங்களுக்குக் கொறடாவாகிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? வேட்பாளரின் சொத்து, கடன், அவர் மேல் இருக்கும் வழக்கு எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போன தேர்தலில் அதைத் திறந்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.

பார்த்தேன். போதும், இறக்குங்கள். (சிரிப்பு)

இப்போது இதே மாவட்டத்தில் இன்னொரு திசைக்குப் போவோம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. சமணப் படுக்கை, தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாம் இருக்கிற ஊர். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் என்று அறிவிப்பு வந்தது. ஏலம் முடிந்து கம்பெனியும் முடிவாகிவிட்டது. நம்ம ஊர் வழக்கப்படி, “மேல முடிவு பண்ணிட்டாங்க, நாம என்ன பண்ண முடியும்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்க வேண்டும்.

அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. கிரானைட்டுக்காகத் தங்கள் வட்டாரத்தில் மலை மலையாக வெட்டிப் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2012-ல் அப்போதைய ஆட்சியர் உ.சகாயம், இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசுக்கு எழுதினார். எழுதும்போது பல குன்றுகள் போய்விட்டன. சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நவம்பரிலேயே ஊர் ஊராகக் கிராம சபையில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் மதுரை தல்லாகுளம் வரை வந்தார்கள். உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரத்தானதும் எல்லாக் கட்சியும் எங்களால்தான் என்றது. அது போகட்டும். பெயர் அவர்களுக்கு, மலை ஊருக்கு. நல்ல வியாபாரம்தான்!

மேலூர்க்காரர்கள் வேறு மண்ணால் செய்யப்பட்டவர்கள் இல்லை. தேர்தல் வந்தால் அங்கேயும் அதே கட்சிகள்தான், அதே சாதிக் கணக்குதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஒவ்வொருவரும் அது தன் காரியம் என்று நினைத்தார்கள். கிராம சபை நோட்டில் கையெழுத்துப் போடுகிறவனுக்குத் தான் எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்திருந்தது.

மற்ற நாட்களில் அந்த நோட்டின் கதி என்ன? கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் நடக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு மரத்தடியில் உட்கார வைப்பார்கள். கிளார்க் என்னமோ வாசிப்பார், மைக் இரையும். நோட்டு சுற்றி வரும், கையெழுத்து, ரேகை. வராதவர்கள் வீட்டுக்கும் சாயங்காலம் நோட்டு போகும். மேலே நிறைய இடம் காலியாக இருக்கும். தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதே என்று வட்டிக்கடையில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்ச் சொத்து என்று வந்துவிட்டால் மட்டும் எங்கே போடச் சொன்னாலும் போடுகிறோம்.

மேடைக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் புத்திக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள் என்று ஊர் ஊராகச் சொன்னவர் பெரியார். அவருக்குப் பின்னால் அதே மேடையில் ஏறியவர்கள் எத்தனை பேர் அதைச் சொன்னார்கள்? நம்பு, பின்னால் வா, கை தட்டு என்பதுதான் இன்றைக்கு மேடைத் தமிழ். சிலைக்கு மாலை போடுவதற்கு வரிசை நிற்கிறது. அவர் சொன்னதைச் செய்ய ஆளில்லை.

கேட்டுக்கொள்வது இரண்டு. கிராமத்தில் ஓட்டு இருக்கிறவர்கள் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். வரவு செலவுக் கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து, அதைக் காதால் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். மாநகராட்சிக்காரர்கள் தப்பிக்க முடியாது. 2022-லிருந்து உங்களுக்குப் பகுதி சபை இருக்கிறது, உங்கள் கவுன்சிலரிடம் அது எப்போது என்று கேளுங்கள். அடுத்தது, தேர்தல் நேரத்தில் பட்டியலோடு வருகிற அந்தப் பையன் நம் வீட்டுப் பையன்தானே. “தம்பி, எங்க வீட்டுக்கு வேண்டாம், டிக் அடிக்காதே” என்று சொல்லி அனுப்புங்கள்.

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் மீதி இருக்கிறது. அது எனக்கு வேண்டாம். நான் சொன்னதில் எது தப்பு என்று கேட்க இங்கே ஆள் இருக்கும். மைக்கைக் கீழே அனுப்புங்கள்.