கீழூர் எங்கே இருக்கு, டீச்சர்?



இந்த மின்னிதழை நீங்க பெரும்பாலும் போனில்தான் படிக்கிறீங்க. வருமானச் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிக்கலாம், ரேஷன் அட்டையில் பெயர் எப்படிச் சேர்க்கலாம் என்று பார்க்க வருகிற உங்களிடம், இன்னைக்கு சமூக அறிவியல் ஆசிரியர்களின் பயிற்சியைப் பத்திப் பேசப் போறேன். "அது வாத்தியாருங்க பாடு, நமக்கென்ன?" என்று தோணலாம். உங்க வீட்டுப் பிள்ளை புதுச்சேரி அரசுப் பள்ளியில் படிச்சா, இது உங்க பாடும்தான்.

2023-24 கல்வியாண்டில் நம்ம அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. அதுவரை புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடநூலைப் படிச்சாங்க. புத்தகம் மாறினதும் பிள்ளைகள் திணறியதை எல்லாரும் பேசினோம். ஆசிரியர்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்கள் குறைவு.

ஒரு ஆசிரியரை நினைச்சுப் பாருங்க. பட்டம் வாங்கியது வரலாற்றில். பல வருஷம் தமிழில் பாடம் நடத்திப் பழகியவர். இப்போ கையில் என்.சி.இ.ஆர்.டி.யின் ஆங்கிலப் புத்தகம். முன்பு வரலாறு, புவியியல், குடிமையியல் என்று தனித்தனியாக இருந்தவை, 2024-இல் வந்த புதிய 6-ஆம் வகுப்பு நூலில் ஒரே புத்தகமாகிவிட்டன. வரலாறு படிச்சவர் அட்சரேகை, தீர்க்கரேகையும் நடத்தணும், கிராம ஊராட்சியும் நடத்தணும். புவியியல் படிச்சவருக்கு இதே சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

இதற்குத்தான் பயிற்சி. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில்முறைப் பயிற்சி பெறணும் என்கிறது. சி.பி.எஸ்.இ.யும் அதே 50 மணி நேரத்தைக் கேட்கிறது. பாதியை வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்தும். மீதியைப் பள்ளிக்குள்ளேயோ அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்தோ நடத்தலாம். நேரடி வகுப்பு தவிர, 'திக்‌ஷா' செயலியிலும் படிப்புகள் உண்டு. 2019-இல் தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சி, கொரோனா காலத்தில் அந்தச் செயலிக்குள் போனது. காணொலி பார்த்து, வினாக்களுக்கு விடை கொடுத்து முடிச்சா சான்றிதழ் அதிலேயே வந்துவிடும்.

மனசில் பட்டதைச் சொல்லிடறேன். சான்றிதழுக்காகக் காணொலியை ஓடவிட்டுட்டு வேறு வேலை பார்க்க எந்த ஆசிரியராலும் முடியும். நானே ஒரு இணையப் படிப்பை அப்படி முடிச்சிருக்கேன். மணிக்கணக்கு நிறையும், வகுப்பில் ஒண்ணும் மாறாது. அதனால் அந்த 50 மணியில் பள்ளி தானே திட்டமிடக்கூடிய பாதிதான் எனக்கு முக்கியமாப் படுது.

ஏன் என்று என் கதையிலிருந்தே சொல்றேன். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவ. இதழியல் படிக்கும்போது செய்தி எழுதிப் பழக ஆகஸ்ட் 16 விழாவுக்குக் கீழூர் போனேன். அதுவரைக்கும் அந்த ஊரின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. பள்ளியில் யாரும் சொல்லித்தரல, நானும் கேட்கல. நினைவிடத்தின் முன்னால் நின்னப்போ வெட்கமா இருந்தது.

1954 அக்டோபர் 18. பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு சேரணுமா என்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர். சேரணும் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. நம்ம ஊருக்கு விடுதலை நாள் நவம்பர் 1 என்பதும், ஆகஸ்ட் 15-க்கு மறுநாள் இன்னொரு விழா இருப்பதும் இதனால்தான்.

நாடு முழுமைக்கும் எழுதுகிற புத்தகத்தில் இதற்குப் பெரிய இடம் கிடைக்காது. அதைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளூர்க் கதையை வகுப்புக்குக் கொண்டு வர வேண்டியவர் ஆசிரியர். தேதியை மட்டும் சொன்னால் பிள்ளைகள் மறந்துடுவாங்க. நல்ல பயிற்சி அவருக்குக் கேள்வி கேட்கச் சொல்லித்தரும். சந்தன்நகரில் 1949-இல் மக்களே நேரடியாக வாக்களிச்சாங்க, இங்கே ஏன் பிரதிநிதிகள் மட்டும் வாக்களிச்சாங்க? அந்த 8 பேர் ஏன் வேண்டாம் என்றிருப்பாங்க? இந்த ரெண்டு கேள்விக்கே ஒரு முழு பீரியட் போதாது.

புவியியலுக்கு இன்னும் கிட்டவே சான்று இருக்கு. கடற்கரைச் சாலையில் மணல் இருந்த இடத்தில் கருங்கல் குவிச்சிருப்பதை எல்லாரும் பார்த்திருக்கோம். நம்ம கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. மணல் அதன் தென்பக்கத்திலேயே தேங்கியது, வடக்கே இருந்த நகரத்துக் கரை அரிச்சுப் போச்சு. 2018-இல் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்த பிறகு அங்கே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கு. 'கடல் அரிப்பு' என்று கரும்பலகையில் படம் போடறதைவிட, கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை வரிசையாகக் காட்டினால் அஞ்சு நிமிஷத்தில் புரியும். இஸ்ரோவின் 'புவன்' தளமும் இலவசம்தான்.

அதே ஆற்றங்கரையில் கொஞ்சம் உள்ளே போனால் அரிக்கமேடு. ரோமானிய வணிகத்தின் தடயங்கள் கிடைத்து, 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த இடம். வரலாற்று ஆசிரியரும் புவியியல் ஆசிரியரும் ஒரு சனிக்கிழமை ஒண்ணா அந்த ஆற்றோரம் நடந்தால், ஒருத்தர் பாடத்தை இன்னொருத்தர் கத்துக்கலாம். பள்ளி அளவிலான பயிற்சி என்று நான் சொல்றது இந்த மாதிரியானதைத்தான். புரொஜெக்டர், மதியச் சாப்பாடு, குரூப் போட்டோவோடு முடியறது எனக்கு ஒப்பல.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கு. திக்‌ஷா செயலி ஆசிரியர்களுக்கு மட்டுமானதில்லை. பிள்ளையின் புத்தகத்தில் கியூ.ஆர். குறியீடு இருந்தால் அதை அந்தச் செயலியில் ஸ்கேன் பண்ணுங்க, அந்தப் பாடத்துக்கான காணொலியோ பயிற்சியோ இருந்தால் திறக்கும். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பத்திப் பேசி முடிச்சதும், "இந்த வருஷம் உங்களுக்கு என்ன பயிற்சி கிடைச்சது சார்?" என்று மரியாதையாக் கேளுங்க. குற்றம் பிடிக்கிற குரல் வேண்டாம். அக்கறையாக் கேட்டால் பல ஆசிரியர்கள் சந்தோஷமாப் பேசுவாங்க.

இன்னொன்று. புதுவையில் பல வீட்டுப் பெட்டிகளில் பிரெஞ்சு மொழியில் எழுதின பழைய தாள்கள் கிடக்கு. தாத்தாவின் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம் இப்படி ஏதாவது இருக்கும். போனில் படம் பிடிச்சு, சொந்த விவரங்களை மறைச்சு, பிள்ளையின் சமூக அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்க. அசலைக் கொடுக்க வேண்டாம், லேமினேஷனும் பண்ண வேண்டாம், தாள் கெட்டுப்போகும். ஊரில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்காங்க. ஒருத்தர் வகுப்புக்கு வந்து அந்தத் தாளைப் படிச்சுக் காட்டினால் ஆசிரியருக்கும் அது பயிற்சிதான்.

கீழூருக்கு வில்லியனூர் வழியாப் போகணும். ஆகஸ்ட் 16 காலையில் அரசு விழா நடக்கும். பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.