கம்பெனிக் காரா, கார்ப்படியா?



உத்தியோக உயர்வு பெற்று, நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கி, சம்பளத் தொகைக்குக் கீழே எழுதியிருக்கும் ஒரு வாசகத்தைப் படித்துவிட்டு, "கம்பெனியே காடி தருகிறதாம், வேண்டாமென்றால் மாதம் 800 வெள்ளி கார்ப்படியாகக் கையில் தருகிறார்களாம், எதை எடுத்துக்கொள்ளட்டும்?" என்று நம் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கிற காலம் இது. கோப்பெங்கில் குடியிருந்துகொண்டு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவுக்கு நாள்தோறும் போய்வரும் ஒருவருக்கு, தாயாரை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது முதல் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது வரை குடும்பத்தின் சௌகரியம் முழுவதும் இந்த ஒரு தீர்மானத்தோடு பிணைந்திருக்கிறது.

பெரியவர்களில் பெரும்பாலோர் தயக்கமின்றிச் சொல்லும் பதில், "தருகிற காடியை வாங்கிக்கொள் தம்பி, டயர், சர்வீஸ், ரோட் டேக்ஸ் எல்லாம் அவர்கள் பாடு" என்பதுதான். அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன். அதன் மீது எனக்கு மரியாதையும் உண்டு. இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயமும் ரப்பரும் செழித்திருந்த நாட்களில், கம்பெனி எதைத் தருகிறதோ அதுவே ஒரு மனிதனுடைய அந்தஸ்தின் அளவாக இருந்தது. துரைக்குக் குன்றின்மேல் பங்களாவும் மோட்டார் காரும், கிராணிக்குக் குவார்ட்டர்ஸும் சைக்கிளும், பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு லயத்தில் ஓர் அறையும் என்று தோட்டத்தின் சமூக ஒழுங்கு முழுவதும் கம்பெனியின் கொடைகளாலேயே வரிசைப்படுத்தப்பட்டிருந்ததால், கார் கிடைப்பதென்பது துரையின் ஸ்தானத்தை எட்டிப் பிடிப்பதற்குச் சமானம் என்ற எண்ணம் தலைமுறைகளாக நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. பத்து காஜாவுக்குப் போகும் வழியில் இன்றும் முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி கோட்டையைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பன் நகரில் இறந்த பிறகும், அவருடைய கிந்தா கெல்லாஸ் தோட்டத்தைப் போன்ற தோட்டங்களில் அந்த வரிசை மாறாமலே நீடித்தது.

ஆனால், அதே சரித்திரம் வேறொன்றையும் நமக்குக் கற்பித்திருக்கிறது. லயத்து வீட்டில் பிறந்து, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே நரை கண்டவர்கள், வேலை முடிந்த அன்று அந்த வீட்டின்மீது யாதொரு உரிமையும் இல்லாதவர்களாக மூட்டை கட்ட நேர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னாளில் வீட்டுமனைகளாக மாறியபோதும் வேலையோடு கூரையும் சேர்ந்தே போயிற்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டே தோட்டங்களை விலைக்கு வாங்கத் துணிந்தது, உழைக்கிறவனுடைய பெயரில் ஏதேனும் ஓர் உடைமை இருந்தாக வேண்டும் என்ற தவிப்பினால்தான். அந்தத் தவிப்பைக் காரின் விஷயத்திலும் நாம் மறந்துவிடலாகாது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கம்பெனி கொடுக்கும் கார் இலவசமென்று தோன்றினாலும், வருமான வரி வாரியம் அதை ஓர் அனுகூலமாக மதிப்பிட்டு நம் வருமானத்தோடு கூட்டுகிறது. புதிதாக வாங்கியபோது 50,000 வெள்ளிக்கு மேல் 75,000 வெள்ளிக்குள் விலையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,400 வெள்ளி என்றும், அதற்குப் பெட்ரோலும் கம்பெனியே போட்டால் இன்னும் 900 வெள்ளி என்றும் அந்த மதிப்பு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. வரிக்குரிய வருமானம் 50,000 வெள்ளிக்கும் 70,000 வெள்ளிக்கும் இடையில் உள்ளவர் நூற்றுக்கு 11 வீதம் வரி செலுத்துவதால், 60,000 வெள்ளிக் காரையும் அதற்கான பெட்ரோலையும் அனுபவிப்பதற்கு அவர் தரும் கூடுதல் வரி ஆண்டொன்றுக்கு 363 வெள்ளிதான். கார் ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் காருக்குரிய மதிப்பு பாதியாகக் குறையும். பெட்ரோலின் மதிப்பு குறையாது.

கார்ப்படியோ சம்பளத்தைப் போலவே முழுவதும் வரிக்கு உட்பட்டது. அலுவல் நிமித்தமான பிரயாணத்துக்கென்று தரப்படும் பெட்ரோல், பயண, டோல் படிகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை விலக்குண்டு. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வருவது அலுவல் பிரயாணமாகாது. ஆகவே கோப்பெங்கிலிருந்து ஈப்போவுக்குப் போய் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்துத் திரும்புகிறவர், ஆண்டுக்கு 9,600 வெள்ளியாகும் தம் படிக்கு 1,056 வெள்ளி வரி கட்ட, மாதந்தோறும் அவர் கையில் நிற்பது 712 வெள்ளி. அதே 60,000 வெள்ளிக் காரை அவர் தம் பெயரில் வாங்க எண்ணி, 6,000 முன்பணம் கட்டி, மிச்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 3 என்னும் நிலையான வட்டியில் ஒன்பது ஆண்டுக் கடனாக எடுத்தால், மாதத் தவணை 635 வெள்ளி ஆகும். மிஞ்சுகிற 77 வெள்ளியில் பெட்ரோல், டோல், காப்புறுதி, டயர் எல்லாவற்றையும் சமாளிக்க எவராலும் இயலாது. படியின் அளவுக்குத் தவணையை நிர்ணயித்துக்கொண்டு கார் பார்க்கக் கிளம்பும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே மனம் பதைக்கிறது. 40,000 வெள்ளிக்குள் அடங்கும் சிறிய கார் ஒன்றை 4,000 முன்பணத்தோடு அதே நிபந்தனையில் வாங்கினால் தவணை ஏறத்தாழ 423 வெள்ளி. கையில் 289 வெள்ளி மிஞ்சும். குடும்பம் மூச்சுவிட இடமிருக்கும்.

இவ்வளவில் கம்பெனிக் காரே லாபமென்று படலாம். ஆனால் வரிக்கணக்கில் தோன்றாத ஒரு சொத்து இருக்கிறது. காப்புறுதியில் இழப்பீடு கோராமல் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறிவரும் தள்ளுபடியை, அதாவது நாமெல்லாரும் என்.சி.டி. என்று சொல்கிறோமே அதை, நான் குறிப்பிடுகிறேன். முதலாண்டுக்குப் பின் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் அது 55 விழுக்காட்டை எட்டுகிறது. கம்பெனிக் காரை நீங்கள் பத்து ஆண்டுகள் ஒரு கீறலுமில்லாமல் ஓட்டினாலும் அந்தத் தள்ளுபடி கம்பெனியையே சேரும். வேலையை விட்டு, முதன்முதலாகச் சொந்தக் கார் வாங்கும் நாளில், நேற்று உரிமம் பெற்ற இளைஞனைப்போல் நீங்களும் முழுத் தொகையையே கட்ட வேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு சிறு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். சிம்பாங் பூலாய்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைக் குடைந்து கல் ஏற்றிவரும் லோரிகளின் பின்னால் போகிறவர்களுக்கு, ஒரு பட்டாணியளவு கல் தெறித்து முன்கண்ணாடியில் விழுந்து, அன்று பொட்டுப்போலிருந்த விரிசல் மறுநாள் வெயிலில் குறுக்காக ஓடிவிடும் அனுபவம் புதிதாயிராது. சொந்தக் காரென்றால் கண்ணாடிக்கென்று தனிக் காப்புறுதி சேர்த்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்திருந்தால் அதற்காக இழப்பீடு கோருவதனால் என்.சி.டி. குறையாது. வெள்ளத்துக்கும் அவ்வாறே தனியாகச் சேர்க்கவேண்டும். கம்பெனிக் காருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை; ஆயினும் மனைவி ஓட்டலாமா, ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாமா என்பதற்கெல்லாம் கம்பெனியின் அனுமதி தேவைப்படும்; பள்ளி விடுமுறையில் ஹட்யாய்க்குக் குடும்பத்தோடு போவதென்றால், கார் உங்கள் பெயரில் இல்லாமையால் கம்பெனியிடமிருந்து அதிகாரக் கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொண்டுதான் எல்லையைக் கடக்கவேண்டும்.

கார்ப்படிக்கும் ஒரு குறையுண்டு. 1991-ஆம் ஆண்டின் ஊழியர் சேமநிதிச் சட்டம் பயணப்படியைச் சம்பளமாகக் கருதுவதில்லை. ஆதலால் அந்த 800 வெள்ளி பயணப்படி என்ற பெயரில் வந்தால் அதற்கு முதலாளியின் சந்தா கிடையாது. அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்து வந்தாலோ, 5,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்குக்கூட முதலாளியின் 12 விழுக்காடாக மாதம் 96 வெள்ளி சேமநிதியில் ஏறும். அப்படிச் சேர்த்துத் தரும்படி கேட்டால் முதலாளி மறுக்கலாம், கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

அப்படியானால் யார் எதைத் தெரிந்தெடுக்க வேண்டும்? ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி கோப்பெங்கிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, கம்பார், தெலுக் இந்தான், தைப்பிங், கெரிக் என்று பேராக் முழுவதையும் வாரந்தோறும் சுற்றிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கம்பெனிக் காரையே எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். அவ்வளவு ஓட்டத்தில் ஒரு கார் மூன்று ஆண்டுகளிலேயே மதிப்பிழந்துபோகும், அந்த நஷ்டம் முதலாளியையே சேரவேண்டும். நாள்தோறும் ஈப்போவுக்குப் போய்த் திரும்புவதோடு ஓட்டம் முடிந்துவிடுகிறவர், படியை வாங்கிக்கொண்டு, படிக்கு வெகுவாகக் கீழே நிற்கும் தவணையில், தம் பெயரிலேயே ஒரு சிறிய காரை வைத்துக்கொள்வதே உசிதம். எதுவாயினும் வரிச்சலுகைக்காகப் பிரயாணத்தை வளர்க்கக்கூடாது. பிரிட்டனில் 2002-க்கு முன்பு, அலுவல் நிமித்தம் அதிக மைல் ஓட்டியவர்களுக்குக் கம்பெனிக் காரின் வரி குறைந்ததனால், ஆண்டு முடிவில் மைல் கணக்கை எட்டுவதற்காகவே வீணாகக் காரோட்டியவர்கள் இருந்தார்கள்; பிறகு அந்த முறையையே மாற்றி, கார் வெளியிடும் கரியமில வாயுவின் அளவைக் கொண்டு வரி விதித்தார்கள்.

கம்பெனிக் காரை ஏற்றுக்கொள்கிறவர்கள், கையெழுத்திடுமுன், வேலையை விடும்போது சாவியை எத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டுமென்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பிறகு, தவணை கட்டாமல் மிச்சமாகும் பணத்திலிருந்து மாதம் 300 வெள்ளியை வேறு எதற்கும் தொடாமல் ஒரு கணக்கில் போட்டுவாருங்கள். மூன்று ஆண்டுகளில் அது 10,800 வெள்ளியாகும். 60,000 வெள்ளிக் கார் ஒன்றுக்கு முன்பணமாக 6,000 போக, மீதமுள்ள 4,800 வெள்ளி தள்ளுபடியில்லாத முதலாண்டுக் காப்புறுதிக்கும், புது வேலை கிடைக்கும் வரை சில மாதத் தவணைகளுக்கும் உதவும்.