உடையவன் பார்க்கும் பொறி



'உடையவன் பாராப் பயிர் உருப்படாது' என்பது உழவர் வாய்மொழி. பத்திரத்தில் பெயர் இருந்தால் மட்டும் ஒன்று ஒருவனுக்கு உடைமை ஆகிவிடாது. அன்றாடம் சென்று பார்க்கவேண்டும், பார்த்ததைப் புரிந்துகொள்ளவேண்டும், புரிந்ததற்கேற்பக் கைவைக்கவேண்டும். பயிருக்குச் சொன்ன இந்த மொழி உழவுப் பொறிக்கும் பொருந்துமா என்பதே இவ்வுரை எழுப்பும் வினா.

அதற்குச் சான்றாக ஒரு பழைய சிறு டிராக்டரை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20 என்பது அதன் பெயர். பத்தாண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. சாம்பல் வண்ணம் பூசப்பட்டதால் அந்நாட்டு மக்கள் அதனைச் 'சின்னச் சாம்பல் ஃபெர்கி' என்று செல்லமாக அழைத்தனர். அந்த ஆலையில் டிராக்டர் செய்யும் பணியே 2002-இல் முடிவுற்றது. ஆலை ஓய்ந்தபின்னும் அது ஈன்ற பொறிகள் ஓயவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கொட்டகைகளில் அவற்றை வைத்துப் பேணுவோர் பலர். பழம்பொறி உழவுப் போட்டிகளில் அவை இன்றும் சால் பிடித்து உழுகின்றன.

இதனை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசன் 1884-இல் அயர்லாந்தின் வடபகுதியில், டவுன் மாவட்டத்தில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலையில் மனம் செல்லாமல் தமையனாரின் பழுதுபார்க்கும் பட்டறைக்குச் சென்றவர். 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளில், தாம் கட்டிய விமானத்தில் தாமே பறந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில் அயர்லாந்துப் பண்ணைகளின் டிராக்டர்களைச் சுற்றிப்பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்து டிராக்டர்கள் மாட்டுக்கு மாற்றாக நின்று கலப்பையைப் பின்னே இழுத்தன, அவ்வளவே. கலப்பை பாறையில் மாட்டிக்கொண்டால் பின்சக்கரங்கள் விடாது உந்த, முன்பக்கம் மேலெழுந்து, பொறி உழவன்மேலேயே கவிழ்ந்துவிடும். உழவனுக்கு உதவ வந்த பொறி அவன் உயிரைக் குடிப்பதா என்னும் கேள்வியே ஃபெர்குசனின் தேடலுக்கு வித்தாயிற்று.

அவர் கண்ட விடையை மேழி பிடித்தவர் எளிதில் உணர்வர். மாட்டு ஏரில் உழுபவன் கை எப்போதும் மேழியின்மேல் இருக்கும். மண் இறுகினால் அந்தக் கை அறியும். சற்றே ஆழம் குறைக்கும். மண் இளகினால் மீண்டும் ஆழம் கொடுக்கும். இந்தக் கையின் அறிவைத்தான் ஃபெர்குசன் இரும்புக்குக் கற்பித்தார். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடலாக இணைத்தார். மண் எதிர்க்கும்போது மேல்தண்டு முன்னோக்கி அமுங்குகிறது. அந்த அமுக்கம் ஒரு சுருள்வில்லை அழுத்தி, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தூக்கியின் வால்வை அசைக்கிறது. கலப்பை சிறிது மேலெழுகிறது. அதேபொழுதில் கலப்பையின் சுமை பின்சக்கரங்களின்மேல் ஏறிப் பிடிமானம் கூடுகிறது. மேல்தண்டின் உந்துதல் முன்பக்கம் எழாமல் காக்கிறது. இம்முறைக்கு 1926-இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு டன்னுக்குச் சற்றே மிகுந்த எடையுள்ள சிறு பொறி, கனத்த பொறிகளின் வேலையைச் செய்ததன் காரணம் இதுவே. இன்று உலகெங்கும் டிராக்டர்களின் பின்புறத்தில் காணப்படும் மும்முனை இணைப்பு இதன் வழிவந்தது.

இப்பொறியின் மற்றொரு சிறப்பு, அது தன் உடையவனிடம் எதையும் மறைப்பதில்லை என்பது. கியர் தண்டையே ஸ்டார்ட்டருக்கும் வைத்தனர். ஆகவே கியரில் இருக்கும்போது எஞ்சின் எழும்பாது, பொறி திடீரெனப் பாயாது. அதனுடன் தந்த ஸ்பானரில் அங்குலக் கோடுகள் பொறித்திருந்தனர். கலப்பையைத் திருத்தும் கருவியே அளவுகோலாகவும் பயன்பட்டது. சிலிண்டர் தேய்ந்தால் அதன் லைனரை மட்டும் உருவிப் புதியது பொருத்தலாம்.

இதனை வைத்திருப்பவர் நாளடைவில் ஒரு மருத்துவரின் பழக்கங்களைப் பெறுகிறார். எஞ்சின் தடுமாறினால், ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் செவிகொடுக்கிறார். கழற்றியும் ஓசை மாறவில்லையெனில் அந்தச் சிலிண்டரே உழைக்காத சிலிண்டர். மாலையில் உயர்த்தி நிறுத்திய கலப்பை காலையில் தரையைத் தொட்டிருந்தால், தூக்கியில் எங்கோ எண்ணெய் கசிகிறது என்று கொள்கிறார். பிரேக் பிடிக்கவில்லையெனில் பின்னச்சின் சீலை ஐயுறுகிறார். கிளட்ச் தேய்ந்தால் வேலை பெரிது. இப்பொறிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பின்னச்சும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு உடலாக நிற்பவை. ஆகவே நடுவில் முட்டுக்கொடுத்து, டிராக்டரையே இரண்டாகப் பிரிக்கவேண்டும். பிரித்ததை மீண்டும் ஒன்றுசேர்த்து, முதல் புகை வெளிவரும் வரையில் அவருக்கு உறக்கம் கொள்வதில்லை.

செய்யுளின் உறுப்புகளைப் பிரித்துக் கற்றவர்க்கு இந்த அனுபவம் புதிதன்று. யாத்தல் என்றாலே கட்டுதல். அசையும் சீரும் தளையும் அறிந்தவன், ஓசை எங்கே முறிகிறது என்று செவியாலேயே கண்டுபிடிக்கிறான். அறிவு முதலில் செவிக்கும் கைக்கும் வந்து, பிறகு சொல்லுக்கு வருகிறது.

இதெல்லாம் பழமைமீது கொண்ட வெறும் மயக்கம் என்று ஒருவர் மறுக்கக்கூடும். அம்மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. டி.இ.20-இல் உழவனைக் காக்கும் கூண்டு கிடையாது. சரிவில் பக்கவாட்டில் உருண்டால் ஓட்டுபவரைக் காப்பாற்ற அதில் ஒன்றுமில்லை. மும்முனை இணைப்பும் அங்கே உதவாது. பிரிட்டனில் 1970 முதல் புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்புக் கூண்டு கட்டாயமானது, பலர் உயிரிழந்த பிறகே. ஆகவே பழம்பொறியைப் பேணுவோர் அதன் அழகோடு அதன் குறையையும் அறிந்து பேணவேண்டும். சரிவுநிலத்தைத் தவிர்ப்பதும், சுழலும் தண்டுக்கு உறையிடுவதும் பேணுதலில் அடங்கும். குறையை அறியாத அன்பு பயிரையும் காக்காது, பொறியையும் காக்காது.

எனினும் அந்தப் பழம்பொறி தரும் ஒன்றை இன்றைய புதுப்பொறிகள் பல தர மறுக்கின்றன. அவற்றின் குறையைச் சொல்வது ஒரு கணினித் திரை. அத்திரையைத் திறக்கும் மென்பொருள் விற்பவர் கையில். அறுவடை நாளில் பொறி நின்றுபோனால், முழு விலையும் கொடுத்து வாங்கியவன் தன் வயலிலேயே பிறருக்காகக் காத்துநிற்கிறான். இதற்கு மாற்றாக எழுந்ததே பழுதுபார்க்கும் உரிமைக்கான இயக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் இவ்வுரிமையைப் பண்ணைப் பொறிகளுக்குச் சட்டமாக்கிற்று; 2024 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கையேடு, கருவி, உதிரிபாகம், மென்பொருள் ஆகியவற்றை உடையவனுக்கும் கிடைக்கச்செய்யவேண்டும் என்பது அதன் சாரம். 1946-இல் ஒரு ஸ்பானரோடு உழவன் கையில் இயல்பாக வந்தடைந்த ஒன்றை, இப்போது சட்டமன்றத்தில் வாதாடிப் பெறவேண்டியிருக்கிறது.

தமிழகத்துக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவுண்டு. ஃபெர்குசனின் நிறுவனம் 1953-இல் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்து, பின்னர் மாஸி ஃபெர்குசன் ஆயிற்று. அதன் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் தொடங்கியதே டாஃபே நிறுவனம். சாம்பல் ஃபெர்கிக்குப் பின் 1956-இல் வந்த ஃபெர்குசன் 35-இன் வழித்தோன்றலே இந்திய வயல்களில் உழைத்த மாஸி ஃபெர்குசன் 1035. சாலையோரப் பட்டறைகளில் கையேடு படிக்காமலே அதனைப் பிரித்துப் பூட்டும் கைகள் தமிழகத்தில் ஏராளம். அந்தக் கைகள் அறிந்தவை இன்னும் ஏட்டில் ஏறவில்லை. ஏருக்கும் அதன் உறுப்புகளுக்கும் தனித்தனியே பெயர் சூட்டிய மொழி இது. பட்டறையில் வழங்கும் சொற்களும் அதன் செல்வமே. கவிஞர்கள் அப்பட்டறைகளின் வாசலில் சிறிதுநேரம் நின்று அவற்றைக் கேட்டு எழுதிவைத்தால், அது உழவுக்கும் மொழிக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.