சட்டசபையை விட்டு யாரை யார் தள்ளுவது?

சட்டசபை அங்கத்தினரைத் தண்டிப்பதும், வெளியே தள்ளுவதும் எப்படி என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். இது வக்கீல்கள் பேச வேண்டிய சங்கதி, நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாமும் சட்டம் படித்தவரல்ல; பள்ளிக்கூடத்துப் படிப்பே அதிகமில்லாதவர். ஆனாலும் தள்ளப்படுகிறவர் நம்முடைய ஓட்டினால் உள்ளே போனவர். ஆகையால் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஊர்விலக்கு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியதனக்காரர் நாலு பேர் சாவடியில் உட்கார்ந்து, ‘இவனுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது’ என்று விடுவார்கள். குற்றம் சாட்டினவரும் அவரே. தீர்ப்புச் சொன்னவரும் அவரே. அதைக் கண்டித்து வந்த நாம், சட்டசபையிலே அதே மாதிரி நடந்தால் மட்டும் நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடியுமா?

தள்ளுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கோர்ட்டிலே தண்டனை பெற்றுப் பதவி இழப்பது. நமது தட்டாஞ்சாவடி அங்கத்தினர் 2018இல் அப்படித்தான் போனார். 2019இல் அங்கே இடைத் தேர்தலும் நடந்தது. இதிலே சாட்சி உண்டு, விசாரணை உண்டு, அப்பீல் உண்டு.

இரண்டாவது, சபையே தீர்மானம் போட்டு நீக்குவது. 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கினதற்காகப் பார்லிமெண்டு 11 பேரை நீக்கிற்று. 1986இல் சென்னைச் சட்டசபை, அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியைக் கொளுத்தினதற்காக அன்பழகன் முதலிய 10 தி.மு.க. அங்கத்தினர்களை நீக்கிற்று. லஞ்சமும், மொழிக்காகச் செய்த கிளர்ச்சியும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே தடிதான். தடி யார் கையில்? பெரும்பான்மைக் கட்சியின் கையில். சபைக்கு இந்த அதிகாரம் உண்டு என்று 2007இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். ஆனால் அதைக் கோர்ட்டு பரிசீலிக்கலாம் என்றும் சொன்னார்கள்.

நீக்காமலே நீக்குகிற தந்திரமும் உண்டு. 2021இல் மகாராஷ்டிர சபை 12 பேரை ஒரு வருஷம் சஸ்பெண்டு செய்தது. நீக்கினாலாவது இடைத் தேர்தல் வரும். சஸ்பெண்டு செய்தாலோ அந்தத் தொகுதி ஜனங்கள் ஒரு வருஷம் ஊமைகள்! நடக்கிற கூட்டத் தொடருக்கு மேல் சஸ்பெண்டு செல்லாது என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது.

மூன்றாவது, 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். இதிலே தீர்ப்புச் சொல்பவர் சபாநாயகர். அவரோ ஒரு கட்சியின் பேரால் ஜெயித்து வந்த மனிதர். நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் கட்சிப் பற்று உதிர்ந்துவிடும் என்று நம்புவது, பூணூல் போட்டதும் மறுபிறவி வரும் என்று நம்புவதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

நம்மூரில் நடந்ததைப் பாருங்கள். பாகூர் அங்கத்தினர் தனவேலு காங்கிரஸ்காரர். தன் கட்சி சர்க்காரின் மேலேயே ஊழல் புகார் சொன்னார். 2020 ஜூலையில் சபாநாயகர் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். அவர் புகார் மெய்யா பொய்யா என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் சில மாதங்களுக்குள், அதே கட்சியில் சிலர் தாங்களாகவே ராஜினாமாச் செய்தார்கள். 2021 பிப்ரவரி 22இல் சர்க்காரே விழுந்தது. விலகினவர்களில் சிலர் வேறு கட்சியின் பேரால் அந்த வருஷமே ஜெயித்து வந்து மந்திரியும் ஆனார்கள். உள்ளே இருந்து குறை சொன்னவருக்குத் தண்டனை. ஓட்டுப் போட்டவனைக் கேளாமல் வெளியே போனவருக்குப் பதவி! சட்டத்தின் வேலி எந்த மாட்டைத் தடுத்தது, எந்த மாட்டை மேய விட்டது?

சபாநாயகருக்குப் பதிலாகத் தனித் தீர்ப்பு மன்றம் வைப்பதைப் பார்லிமெண்டு யோசிக்க வேண்டுமென்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிற்று. நாம் கேட்பதும் அதுதான். குற்றம் எழுத்திலே இருக்கட்டும். பதில் சொல்ல அவகாசம் இருக்கட்டும். கட்சிக்காரன் நீதிபதியாக இருக்க வேண்டாம்.

தோழர்களே! ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலையும் குழாயும் கேட்கிறீர்கள், நல்லதே. அதோடு, ‘எங்களைக் கேளாமல் ராஜினாமாச் செய்வாயா?’ என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விழிக்கிறவரை வாசலிலேயே தள்ளிவிடுங்கள். அந்த ஒரு தள்ளுதலுக்கு மட்டும் எந்தச் சபாநாயகரின் தயவும் உங்களுக்கு வேண்டியதில்லை.