முன்பணம் என்பதும் கடன்தான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு வீட்டு இணைய இணைப்பு. "இதுல என்னடி பேசப் போற, போன் பண்ணா வந்து மாட்டிட்டுப் போறான்" என்று எங்கள் குழு ஊக்குநர் அக்கா காலையில் கேட்டார்கள். மாட்டுவது ஒரு மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு மாதா மாதம் நம் கையை விட்டுப் போகிற காசு இருக்கே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

போன நவராத்திரிக்கு ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் இருக்கிற ஒரு வணிக வளாகத்தில் நம் குழுக்களுக்கு மூன்று நாள் விற்பனை மேஜை கிடைத்தது. சத்துமாவு, ஊறுகாய், துணிப்பை, கொலு பொம்மை எல்லாம் வைத்திருந்தோம். எங்கள் மேஜைக்கு இடப்பக்கம் குடை விரித்து ஒரு இணையக் கம்பெனிக் கவுன்டர். எனக்கு வியாபாரம் பாதி, அதைப் பார்ப்பது பாதி. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்து ஜனங்கள் இப்போது மளிகை வாங்கவும் அங்கேதான், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கவும் அங்கேதான். வெளியே வரும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "மேடம், வீட்ல நெட் இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் ஆறு மாதப் பணம் கட்டிவிட்டுப் போனவர்களைப் பார்த்தேன். விலை கேட்டார்கள், வேகம் கேட்டார்கள், இலவசமாக எந்தெந்த சினிமா ஆப் வரும் என்று கேட்டார்கள். பழுதானால் யார் வருவார் என்று அந்த மூன்று நாளில் ஒருத்தர் கூடக் கேட்டு என் காதில் விழவில்லை.

அந்தக் கவுன்டரில் நின்ற பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். நம்மைப் போல ஒரு வீட்டுப் பிள்ளை. காலையிலிருந்து நிற்கிறாள், ஒரு நாளைக்கு இத்தனை பேரைச் சேர்க்கணும் என்று கணக்கு. டீ குடிக்கும்போது அவளே சொன்னாள்: "உங்க தெருவுக்கு லைன் வருமான்னு எங்களுக்கே தெரியாது ஆன்ட்டி. நம்பர் வாங்கி அனுப்பறதுதான் எங்க வேலை."

இப்போது நம் குழு வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு உறுப்பினர் ஐயாயிரம் கடன் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? எதற்கு என்று கேட்கிறோம். முன்பு வாங்கியதை ஒழுங்காகக் கட்டினாரா என்று நோட்டைப் புரட்டுகிறோம். எல்லோரும் உட்கார்ந்து பேசி, தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறோம். பத்து வருஷமாகப் பக்கத்தில் உட்காருகிறவருக்கே இத்தனை விசாரணை. ஆறு மாத முன்பணம் என்றால் என்ன? இன்னும் வராத சேவைக்கு நாம் அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கிற கடன். பலகையில் மாதம் 499 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். வரி 18 சதவீதம் அதற்கு மேல். (சாலைக்கும் ஜி.எஸ்.டி., வரிக்கும் ஜி.எஸ்.டி., நமக்கு எங்கே திரும்பினாலும் அதுதான்.) மாதத்துக்கு 588 ரூபாய் 82 காசு ஆகிறது. ஆறு மாதத்துக்கு 3,532 ரூபாய் 92 காசு. நம் குழுவில் இந்தத் தொகையை விசாரிக்காமல் யாருக்காவது கொடுப்போமா?

எங்கள் குழுவில் தையல் வேலை செய்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வு இப்போது முழுக்க ஆன்லைன். விருப்பக் கல்லூரிப் பட்டியலைக் குறித்த நாளுக்குள் பதியவில்லை என்றால் அந்தச் சுற்று போனதுதான். அதற்காகவே அக்கா மே மாதம் ஒரு கவுன்டரில் ஆறு மாதப் பணம் கட்டினார். அந்தக் கம்பெனியின் கம்பி மெயின் ரோட்டோடு நின்றிருந்தது. இவர் வீடு அங்கிருந்து இரண்டு தெரு உள்ளே. "இந்த வாரம்", "அடுத்த வாரம்" என்று ஜூலை வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் நேரில் போனோம். கவுன்டர் இருந்த இடத்தில் சென்ட் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நம் கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்து அந்தப் பெண் பட்டியலைப் பதிந்தாள். இடம் கிடைத்தது. பணம் திரும்பி வந்தது செப்டம்பரில்.

அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் நோட்டுப் போட்டோம். பெரிய திட்டம் எல்லாம் இல்லை, நாற்பது பக்க நோட்டு. ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கிற பதினோரு வீட்டில் மூன்று வாரம் குறித்தோம். எப்போது போச்சு, எப்போது வந்துச்சு, யார் வந்து சரி செய்தார், ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை படம் சுத்துதா. கூடவே ஒரு பழைய கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததே, அப்போது எத்தனை நாள் கழித்து நெட் வந்தது? அந்தப் பதிலை நான் எந்த விளம்பரத்தையும் விட நம்புவேன். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் தண்ணீரில் கிடந்ததும், 2016இல் வர்தாவில் மரங்கள் சாய்ந்ததும் பார்த்த ஊர் இது. கம்பெனியின் குணம் மழையில்தான் தெரியும்.

நோட்டில் என்ன தெரிந்தது என்றால், "எது நல்ல கம்பெனி?" என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. எங்கள் தெருவின் கிழக்குப் பாதியில் நன்றாக ஓடுவது மேற்குப் பாதியில் திணறுகிறது. காரணம் பெயரில் இல்லை, கம்பத்தில் இருக்கிறது. ஃபைபர் என்பது முடி போன்ற கண்ணாடி இழை. துரு பிடிக்காது, ஆனால் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது அறுந்தால் டேப் சுற்றி ஒட்ட முடியாது. சூடு வைத்து ஒட்டுகிற ஒரு மெஷின் வேண்டும். அந்த மெஷினோடு ஆள் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே வரும். இல்லாவிட்டால் "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம்" என்ற பதில்தான் வரும். பி.எஸ்.என்.எல். ஃபைபர் வாங்கினாலும் பல இடங்களில் வீடு வரை இழை இழுத்துக் கொடுப்பவர் உள்ளூர்ப் பங்குதாரர்தான், பெரும்பாலும் நம் பழைய கேபிள்காரர். அதனால் கம்பெனி பெயரோடு அந்தக் கடைசி ஆளின் பெயரையும் கேளுங்கள்.

முடிவு எல்லோருக்கும் ஒன்றாக வரவில்லை. தையல் அக்காவுக்கு அன்றன்றே சரியாக வேண்டும், அதனால் கேபிள்காரரிடம் மாத வாடகைக்கு வாங்கினார். அவரிடம் சாயங்காலம் கொஞ்சம் மந்தம்தான், தெரிந்தேதான் வாங்கினார். மகன் ராத்திரி ஷிஃப்டில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற வீட்டில் பெரிய கம்பெனியே எடுத்தார்கள். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னதால் ஒருவர் டவர் சிக்னலில் வருகிற ஏர்ஃபைபர் வாங்கினார். அதற்கும் ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டியிருந்தது, அது வேறு கதை.

வேகத்தைப் பற்றிச் சொல்லணும், ஏனென்றால் ஏமாறுகிற இடம் அதுதான். எம்.பி.பி.எஸ். என்று போட்டிருப்பது டாக்டர் படிப்பு இல்லை. ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்று அர்த்தம். நம் போனில் படத்தின் அளவு மெகாபைட்டில் இருக்கும். எட்டு பிட் ஒரு பைட். எட்டுப் படி ஒரு மரக்கால் என்று நம் பாட்டிகள் அளந்த மாதிரியே. கடைக்காரர் 40 என்றால் அது படிக் கணக்கு. நம் கைக்கு விநாடிக்கு 5 மரக்கால்தான் வரும். 600 எம்.பி. படம் இறங்க இரண்டு நிமிஷம். ஒரு திரையில் தெளிவாகப் படம் பார்க்க 5 எம்.பி.பி.எஸ். இருந்தால் போதும். மூன்று பேர் பார்த்தாலும் 40 தாராளம். 300 வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். "அன்லிமிடெட்" என்றாலும் மாத வரம்பு ஒன்று இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும். அந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், நடுக்கூடத்தில் உயரமாக வையுங்கள். பாதி வீடுகளில் "நெட் வரல" என்பது இதனால்தான். கரன்ட் போனால் பெட்டியும் நிற்கும், சின்ன யு.பி.எஸ். ஒன்று இருந்தால் சில மணி நேரம் தாங்கும். பெட்டிக்கு முன்பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் ரசீது வாங்குங்கள்.

புகார் சொன்னால் ஒரு எண் தருவார்கள். அதை நோட்டில் எழுதாமல் போனை வைக்காதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் தையல் அக்காவின் பணத்தை வாங்கினோம். புகாருக்குத் தீர்வு வராவிட்டால் அந்தக் கம்பெனியிலேயே மேல்முறையீடு செய்யலாம், காசு கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதி அது. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

எங்கள் தெரு நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன், உணவு இடைவேளையில் வாசல் பக்கத்து மேஜையில் இருக்கும். உங்கள் தெருவுக்கும் போட நினைக்கிறவர்கள் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர்கள் பெயரை மட்டும் மறைத்து எடுங்கள்.