அவிட்டம் என்று சொல்ல முடியாத நாள்



முதலில் ஒரு அனுமதி. முப்பத்திரண்டு வருஷம் இந்தத் திருப்பூணித்துறையில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். துண்டுச்சீட்டு வைத்துக்கொண்டு பேசிப் பழக்கமில்லை. இன்றைக்குத் தாளைப் பார்த்துத்தான் பேசுகிறேன். நடுவில் ஒரு சொல் வராமல் நான் நின்றுவிட்டால், முன்வரிசைக்காரர்கள் தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். நானே தேடிக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் கொடுத்தால் போதும்.

பூர்ணத்ரயீசன் கோயிலில் வழிபாட்டு ரசீது போடுகிற ஜன்னல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பவர் தலையை நிமிர்த்தாமலே ‘பேர், நாள்’ என்று கேட்பார். நாள் என்றால் இங்கே நட்சத்திரம். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்குப் பேரைச் சொன்னேன். நாள் வரவில்லை. மறந்து போகவில்லை, அதைக் கவனியுங்கள். ஐந்து எழுத்து, நடுவில் டகரம் அழுத்தி விழும், என் அம்மா அந்த நாளில் பாயசம் வைப்பாள், எல்லாம் தெரிகிறது. வாய்க்கு மட்டும் அது வரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஒரு அம்மாள் ‘மறந்நு போயோ மாஷே?’ என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி ‘அவிட்டம்’ என்று சொல்லி ரசீதை வாங்கினாள். வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கு வலிப்பு வந்தது.

இடது காதுக்கு மேலே, மூளைக்குள்ளே, ஒரு எலுமிச்சம்பழ அளவு கட்டி. க்ளையோமா வகை. பெயர் கேட்க ஏதோ பூச்செடி மாதிரி இருக்கிறது.

அறுவைக்கு முன்னால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ‘வீட்டில் என்ன பாஷை?’ நான் சொன்னேன், ‘தமிழ். அதாவது நாங்கள் தமிழ் என்று சொல்வது. மெட்ராஸ்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை.’ அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். காரணம் பிறகுதான் புரிந்தது. இரண்டு மொழி புழங்குகிறவர்களுக்கு இரண்டும் மூளையில் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லையாம். மலையாளத்தைக் காப்பாற்றப் போய்த் தமிழ் போய்விடக்கூடும். எனவே இரண்டையும் சோதித்துத்தான் கத்தி வைக்க வேண்டும். அதற்கு நான் விழித்திருக்க வேண்டும்.

மூளைக்கு வலி தெரியாது. உடம்பு முழுவதன் வலிக்கும் கணக்கு வைக்கிற உறுப்பு அது, தன்னைத் தொட்டால் அதற்குத் தெரியாது. தலைத்தோலை மரத்துப்போக வைத்து, மண்டையைத் திறந்தபின் எழுப்பிவிட்டு, படங்களைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே மெல்லிய மின்சாரத்தால் மூளையை அங்கங்கே தொடுவார்கள். எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு நிற்கிறதோ அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. நான் சொல்லும் தமிழ் சரியா தப்பா என்று பார்க்க, வேறு வார்டிலிருந்து நாகர்கோவில் நர்ஸ் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். குடை காட்டினார்கள். நல்லவேளை, குடை இரண்டிலும் குடைதான். கரண்டியில் நான் கொஞ்சம் தடுமாறினேன். ‘ஸ்பூன்னு சொன்னாலும் பரவாயில்ல சார்’ என்றாள் அவள். பரீட்சை ஹாலில் விடை சொல்லிக் கொடுக்கிற பிள்ளை மாதிரி.

அப்புறம் டாக்டர், ‘படம் மதி, எந்தெங்கிலும் சொல்லிக்கொண்டே இரிக்கூ மாஷே’ என்றார். நான் விஷ்ணு சகஸ்ரநாமம் ஆரம்பித்தேன். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் ஒரு இளம் ஆசிரியை, மண்டை திறந்திருக்க ஹனுமான் சாலீசா முழுவதையும் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்ததே, படித்திருப்பீர்கள். படித்தபோது நானும் மெய்சிலிர்த்தேன். பகவான் பேர் காப்பாற்றியது என்று இரண்டு பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

எனக்கு நடந்தது வேறு. ஏழாவதோ எட்டாவதோ சுலோகம், அங்கே நாமம் நின்றுவிட்டது. ஆறு வயதில் அப்பா மடியில் கற்றது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சில மில்லி ஆம்பியர் மின்சாரம் பட்டது, பகவான் பேர் நின்றது. ‘ஓகே, இவிடெ தொடண்டா’ என்றார் டாக்டர். அந்த இடத்தில் எண் போட்ட சின்னக் காகிதத் துணுக்கு ஒன்றை வைப்பார்களாம். என் சகஸ்ரநாமம் குடியிருக்கிற இடம் ஐந்தாம் நம்பர்.

இதை யாரிடமும் ரொம்ப நாள் சொல்லவில்லை. அறுபது வருஷ பக்தி ஒரு கம்பியின் நுனியில் அணையுமானால் அது என்ன பக்தி? ராத்திரி ராத்திரியாக இதையே அரைத்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சொல் நின்ற அந்த நாலைந்து வினாடி நான் இருட்டில் இல்லை. பயமும் இல்லை. சொல் நின்றுவிட்டது என்று ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான், அது வரும் என்று காத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நம்பர் ஒட்டவில்லை. டாக்டரைக் கேட்டால் அவனுக்கும் ஒரு இடம் காட்டுவார், சந்தேகமில்லை. காட்டட்டும்.

பிறகு கதிர்வீச்சு. திங்கள் முதல் வெள்ளி, ஆறு வாரம், முப்பது நாள். ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தில் போர்த்தி அழுத்துவார்கள். ஆறியதும் உங்கள் மூக்கு, உங்கள் தாடை, உங்கள் நெற்றிச் சுருக்கம், எல்லாம் அதில் இருக்கும். தினமும் அந்த முகமூடியைப் போட்டு மேஜையோடு பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கனத்த கதவு மூடும். தலையை ஒரு நூல் நகர்த்த முடியாது. கதிர் வலிக்காது, தனிமைதான் கஷ்டம். பத்து பன்னிரண்டு நிமிஷத்தில் சகஸ்ரநாமம் முடியாது. நாற்பது சுலோகம் போகும்போது கதவு திறந்துவிடும். எனவே நின்ற இடத்தில் குறி வைத்துக்கொண்டு மறுநாள் அங்கிருந்து தொடங்கினேன். முகமூடியைக் கழற்றும் டெக்னீஷியன் பெண் கேட்பாள், ‘இன்னு எவிடெ வரெ எத்தி மாஷே?’ பஸ் ஸ்டாப் கேட்கிற மாதிரி.

சகஸ்ரநாமம் சொன்னவர் எங்கே இருந்து சொன்னார் என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. பீஷ்மர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. உடம்பெல்லாம் அம்பு தைத்து, எழுந்திருக்க வழியில்லாமல், மல்லாந்து படுத்துச் சொன்னார்.

அந்த டெக்னீஷியன் பெண்ணுக்காக ஒரு புஷ்பாஞ்சலி கழிக்கலாம் என்று நாள் கேட்டேன். ‘ஞான் பள்ளிக்காரியா மாஷே, நாளொந்நும் அறியில்லா’ என்றாள். கரிங்காச்சிறைப் பள்ளியில், அதாவது சர்ச்சில், எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொன்னாள். ஏற்றியும் இருப்பாள். ஓணத்து அத்தச்சமய ஊர்வலத்துக்குக் கரிங்காச்சிறைப் பாதிரியான கத்தனாரும், முஸ்லிமான நெட்டூர் தங்ஙளும், மீனவர் தலைவரான செம்பில் அரயனும் ராஜாவோடு கூட வந்த ஊர் இது.

மாத்திரைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புற்றுக்கான டெமோசோலமைடு வெறும் வயிற்றில், வாந்தி மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து. பிற்பாடு இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை, ஐந்து நாள். அதோடு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு பசி பொல்லாத பசி. ஏகாதசி ராத்திரி இரண்டு மணிக்கு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மனைவி லைட்டைப் போட்டாள். ‘ஏன்னா, இன்னிக்கு ஏகாதசி.’ ‘பசிக்கறதுடி.’ ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் மாவடு எடுத்துப் போட்டாள். எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய பூஜை எங்கள் வீட்டில் நடந்ததில்லை. ஸ்டீராய்டால் முகம் உப்பியதைப் பார்த்து ‘உடம்பு தேறியிருக்கேளே’ என்று மகிழ்ந்தவர்கள் இந்த அவையிலேயே மூன்று பேர் இருக்கிறீர்கள்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. விபூதி கொண்டு வந்தீர்கள், ரசீதோடு பிரசாதம் கொண்டு வந்தீர்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முள்ளாத்தைப் பழம், அதாவது முள்சீத்தா, கொண்டு வந்தவர்கள் பலர். பழம் நன்றாக இருந்தது. அது மனிதருக்குப் புற்றுநோயைத் தீர்த்ததாக ஆய்வு எதுவும் காட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வந்தார். கதிர்வீச்சை நிறுத்து, முழு நம்பிக்கை வந்தால் தானே கரையும் என்றார். போகும்போது வாசலில் என் மனைவியிடம், ‘அவருக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று சாப்பிடவில்லை. புற்றுக்கு மேல் இந்தப் பழியையும் நோயாளி சுமக்க வேண்டுமா?

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. கணக்கு வாத்தியார்தானே, கணக்காகவே கேட்கிறேன். மேல்பத்தூர் நாராயண பட்டதிரி வாதநோயோடு குருவாயூரப்பன் முன்னால் உட்கார்ந்தார். நாளைக்குப் பத்துச் சுலோகம் போல நூறு நாள் நாராயணீயம் செய்து முடித்தார், நோய் நீங்கியது என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. நானும் நம்புகிறேன். சரி. திருவண்ணாமலையில் ரமணருக்கு இடது கையில் கட்டி வந்தது. 1949இல் மட்டும் நான்கு தடவை அறுத்தார்கள். ரேடியம் வைத்தார்கள். சித்த மருந்தும் ஹோமியோபதியும் கொடுத்தார்கள். கையை எடுத்துவிடலாம் என்றபோது வேண்டாம் என்றார். மற்றபடி டாக்டர்கள் செய்ததற்கெல்லாம் கையை நீட்டினார். உங்களை நீங்களே குணப்படுத்திக்கொள்ளுங்கள் என்று பக்தர்கள் அழுதார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு உடல் போயிற்று. தட்சிணேசுவரத்து ராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்று, 1886இல் போனார். இப்போது சொல்லுங்கள், ரமணருக்கு விசுவாசம் போதவில்லையா? ராமகிருஷ்ணர் காளியைச் சரியாகக் கூப்பிடவில்லையா? நம்பிக்கையின் அளவைக் கட்டியின் அளவை வைத்துப் போடும் கணக்கு, முதல் வரியிலேயே தப்பு.

நம் மலையாள நடிகை சரண்யா சசி 2012 முதல் பலமுறை மூளையில் அறுவைக்குப் போனார், நடுவில் எழுந்து நின்றார், நடித்தார், மறுபடி படுத்தார். 2021 ஆகஸ்டில் போனார். அந்தப் பெண்ணின் நெஞ்சுரத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

மருந்தா மந்திரமா என்று கேட்கிறவர்களுக்கு நான் பூர்ணத்ரயீசன் கோயிலைத்தான் காட்டுவேன். 1920இல் அங்கே பெரிய தீ. மரத்தாலான ஸ்ரீகோவில் எரிந்து போயிற்று. திரும்பக் கட்டியபோது நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? உள்ளே கான்கிரீட். மேலே செம்புத் தகடும் மரப் பலகையும் கருங்கல்லும் பித்தளையும் போர்த்தி, பழைய கோயிலாகவே ஆக்கினார்கள். தினமும் பிரதட்சிணம் செய்கிற நமக்கு அது நினைவில்கூட வருவதில்லை. சிமெண்ட் வைத்தார்கள் என்று பகவான் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை.

முப்பதாம் நாள் முடிந்ததும் அந்த டெக்னீஷியன் பெண், ‘வேணோ மாஷே?’ என்று முகமூடியைக் கையில் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரி மேல் போட்டேன். போன நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது பேத்தி அதை எடுத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, நாலாம் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மனைவிக்குச் சம்மதமில்லை. ‘எடுடி அதை’ என்றாள். பிறகு அவளே மறந்துவிட்டாளா, விட்டுவிட்டாளா, தெரியவில்லை. ஒன்பது நாளும் அது அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் சுண்டலுக்கு வந்த ஒரு மாமி, வலைவலையாக ஓட்டை போட்ட அந்த வெள்ளை முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள், ‘இது எந்த சுவாமிடி குழந்தே?’

அடுத்த ஸ்கேன் வருகிற செவ்வாய்க்கிழமை. சென்ற தடவை மாறுதல் இல்லை என்றார்கள். ரசீது ஜன்னலில் இப்போதெல்லாம் நானே சொல்கிறேன், அவிட்டம் என்று. சில நாள் இரண்டாம் தடவையில் வருகிறது.