ஷைலாக்கின் அங்கி
(இலக்கிய அமர்வொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஈவிரக்கமற்ற வட்டிக்காரன் என்றதும் நம் மேடைப் பேச்சாளர்களின் நாவில் வந்து நிற்கும் பெயர் ஷைலாக். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தைப் படிக்காதவர்களுக்கும் இந்தப் பெயர் தெரியும். மூவாயிரம் டக்கட் பணத்துக்கு ஈடாக ஒரு ராத்தல் சதை என்று பத்திரம் எழுதி வாங்கிய யூதன் அவன். அவன் செய்ய முனைந்தது கொடுமைதான்; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவனை மேடையில் எந்த உடையில், எந்தக் கோலத்தில் நிறுத்தினார்கள் என்று பாருங்கள். அவனைப் பார்த்துச் சிரித்த சமுதாயங்களின் முகம் அதில் தெரியும்.

ஷேக்ஸ்பியர் இதை எழுதியது சுமார் 1596-97ல். இங்கிலாந்தை விட்டு யூதர்கள் 1290லேயே விரட்டப்பட்டு விட்டார்கள். பகிரங்கமாக யூதராக வாழும் ஒருவரைக் கண்டிராத மக்களுக்கு யூதனைக் காட்டிய நாடகம் இது. நேரில் பார்த்திராதவனைப் பற்றித்தானே எந்தக் கதையும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்!

கதை நடக்கும் வெனிஸில் நிலைமை என்ன? 1516ல் யூதர்களை 'கெட்டோ' என்ற பகுதியில் ஒதுக்கினார்கள். இரவில் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். காவலாளிகளுக்குக் கூலி கொடுப்பதும் உள்ளே அடைபட்ட யூதர்களே! வெளியே வந்தால் அடையாள நிறத்தில் தொப்பி. நிலம் வாங்க முடியாது. கைவினைஞர் சங்கங்களில் சேர முடியாது. வட்டி, பழந்துணி வியாபாரம், மருத்துவம் என்று சில வழிகளே மிஞ்சின. எல்லா வாசலையும் அடைத்துவிட்டு, திறந்திருந்த ஒரே வாசலில் நுழைந்தவனைப் பார்த்து 'இவன் இனத்தின் புத்தியே இதுதான்' என்றது ஊர்.

மேடை மாறியது

1741ல் லண்டனில் சார்லஸ் மேக்ளின் ஷைலாக்கை அச்சமூட்டும் வில்லனாக நடித்தார். 1814ல் எட்மண்ட் கீன், வழக்கமான சிவப்புப் பொய்முடியைக் கழற்றிவிட்டுக் கறுப்பு முடியுடன் வந்தார். உள்ளே ஒரு மனிதன் தெரிந்தான். 1879ல் ஹென்றி இர்விங், மகள் ஓடிப்போனது தெரியாமல் ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் தகப்பனைக் காட்டினார்.

நம் கவனத்துக்குரியது ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் நடந்தது. ஜான் பார்ட்டன் என்ற ஒரே இயக்குநரிடம் இருவர் ஷைலாக்காக நடித்தார்கள். 1978ல் நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் ஷைலாக் கந்தல் உடைக்காரன். சிகரெட் துண்டைக்கூட வீணாக்காத கஞ்சன். இவன் ஊருக்கு அந்நியன் என்பதே முக்கியம், யூதன் என்பதையே பார்த்தால் மனிதனைத் தவறவிடுவோம் என்பது அவர் கருத்து. 1981ல் நடித்த டேவிட் சூஷே யூத வம்சாவளியினர். அவருடைய ஷைலாக் வசதியானவன், கையில் சுருட்டு. அவன் அந்நியனாக ஆனதே யூதன் என்பதால்தானே என்பது இவர் வாதம். 1984ல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இருவரும் பார்ட்டனுடன் அமர்ந்து இதைப் பேசினார்கள்.

யார் சொன்னது சரி?

நீதிமன்றக் காட்சியைப் பாருங்கள். அங்கே ஷைலாக்கின் பெயரைவிட 'யூதன்' என்ற அழைப்பே அதிகம் ஒலிக்கிறது. நீங்கள் விலைக்கு வாங்கிய அடிமைகளை விடுவிப்பீர்களா என்று அவன் கேட்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் அவனை வீழ்த்துவது எது? ஒரு குடிமகனின் உயிருக்குக் குறிவைக்கும் அந்நியனுக்கென்றே வைத்திருந்த தனிச் சட்டம்! அதே ஊரில் வாழ்ந்து, அதே ஊரில் தொழில் செய்தவன் ஒரே நொடியில் அந்நியனாகிவிடுகிறான். சொத்தை இழக்கிறான். உயிர் வேண்டுமென்றால் கிறிஸ்தவனாக மாற வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கிறார்கள்.

அவன் கந்தல் அணிந்திருந்தாலும் தீர்ப்பு இதுதான்; பட்டு அணிந்திருந்தாலும் இதுதான். 1970ல் ஜோனதன் மில்லர் இயக்கத்தில் லாரன்ஸ் ஒலிவியர், மற்ற கனவான்களைப் போலவே கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து வந்தார். அந்தக் கோட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. இதே நாடகத்தில் வரும் மொராக்கோ இளவரசனையும் நினைத்துப் பாருங்கள். அரச பதவி உண்டு, வீரம் உண்டு. ஆனால் அவன் தோற்றுப் போனதும் நாயகி நிம்மதி அடைவது அவன் நிறத்தைச் சொல்லித்தான். பணம் கடன் வாங்க வருவோரைக் கொண்டுவரும், மரியாதையைக் கொண்டுவராது. ஆகவே சூஷேயின் வாதமே எனக்குச் சரியாகப் படுகிறது.

இது வெறும் நாடகம்தானே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1943ல் வியன்னாவின் பர்க் தியேட்டரில் நாஜிகள் இதே நாடகத்தை மேடையேற்றினார்கள். வெர்னர் கிராஸ் என்ற நடிகர் ஷைலாக்கை அருவருப்பான உருவமாக்கினார். அரங்கில் கூட்டம் ரசித்துக்கொண்டிருந்தது. அந்நகரின் யூதர்களில் பெரும்பாலோர் அதற்குள் தப்பி ஓடியோ நாடுகடத்தப்பட்டோ இருந்தார்கள்!

சகோதரர்களே! வட்டியை நாம் ஹராம் என்று ஒதுக்குகிறோம். பலஸ்தீன மக்களுக்கு இஸ்ரேலிய அரசு இழைக்கும் அநீதியைக் கண்டிக்கிறோம்; கண்டிப்போம். ஆனால் ஒருவன் செய்த குற்றத்தை அவன் பிறப்பின் மீது ஏற்றுவதற்கு நமக்கு உரிமை இல்லை. விரோதம் நம்மை நீதி தவற வைக்கக்கூடாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். தாடியையும் தொப்பியையும் காட்டி நம்மை வில்லனாக்கும் திரைப்படங்களைக் கண்டு கொதிக்கும் நாம், ஷைலாக்கைப் பார்த்து மட்டும் கைதட்டினால் அந்தக் கொதிப்புக்கு என்ன அர்த்தம்?

அடுத்த முறை மேடையில் 'ஷைலாக்' என்று சொல்ல வாய் திறக்கும் பேச்சாளர், 'வட்டிக்காரன்' என்றே சொல்லட்டும். அதுவே போதும்.